அலமாரிக் கதவும் என் வலது முட்டியும்

என் வலது முட்டியைத் தொட்டுப் பார்க்காத ஆள் அந்த வருஷம் அரியலூர்ல இல்லை. சும்மா பேச்சுக்குச் சொல்லலீங்க. பக்கத்து வூட்டு அக்கா அமுக்கிப் பார்த்தாங்க. பால் ஊத்த வந்தவர் வாசல்ல நின்னுக்கிட்டே, "வீக்கம் வடிஞ்சிருக்கே"ன்னு அபிப்பிராயம் சொன்னார். பஸ்ஸுல பக்கத்து சீட்டுல உக்காந்த, முன்னப்பின்ன தெரியாத ஒரு அம்மா, நான் காலை நீட்டி வெச்சிருக்கறதைப் பார்த்துட்டு, "என்னா, முட்டியா?"ன்னு கேட்டாங்க. பதிலுக்குக்கூடக் காத்திருக்காம புடவைக்கு மேலயே ஒரு தடவு தடவி, "வாயுப் பிடிப்பு"ன்னு தீர்ப்பும் சொல்லிட்டாங்க. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

எண்பதுகளோட தொடக்கம் அது. பெரம்பலூர்ல ஒரு பெண்கள் பள்ளியில நான் உடற்பயிற்சி ஆசிரியை. பிள்ளைங்க வாயில பி.டி. மிஸ். வயசு முப்பது. கல்யாணம் ஆகலை, அதுக்கு ஊரே தனியா ஒரு கவலை வெச்சிருந்துச்சு. அப்பா சிமெண்ட் ஃபேக்டரியில வேலை பார்த்து, ரிட்டையர் ஆகறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டார். அரியலூர் வீட்டுல நானும் அம்மாவும் மட்டும்தான். காலையில பஸ் பிடிச்சுப் பெரம்பலூர் போவேன், சாயங்காலம் திரும்பி வருவேன். என் பிழைப்பே ரெண்டு காலை நம்பித்தான். அதுல ஒண்ணு போச்சுன்னா வேலையும் போச்சு. ஓட முடியாத பி.டி. மிஸ்ஸை வெச்சுக்கிட்டு எந்தப் பள்ளிக்கூடம் என்ன செய்யும்?

கால் போனது கோ-கோ சொல்லிக் கொடுக்கறப்ப. கம்பத்தைப் பிடிச்சுச் சட்டுன்னு திரும்பறது எப்படின்னு செஞ்சு காட்டினேன். எங்க மைதானம் பூரா சரளை. பாதம் சரளையில மாட்டி அப்படியே நின்னுடுச்சு, உடம்பு மட்டும் திரும்பிடுச்சு. உள்ளுக்குள்ள 'டொப்'புன்னு ஒரு சத்தம். எனக்கு மட்டும் கேட்ட சத்தம் இல்ல அது. வரிசையில உக்காந்திருந்த பிள்ளைங்கள்ல ஒண்ணு, "குச்சி ஒடஞ்சுதா மிஸ்?"னு கேட்டுச்சு. ஒரு மணி நேரத்துல முட்டி பரங்கிக்காய் மாதிரி வீங்கிடுச்சு.

எக்ஸ்ரே எடுத்தாங்க. எலும்பு சுத்தமா இருக்குன்னாங்க. அங்க ஆரம்பிச்சுது என் கெட்ட நேரம். எலும்பு முறிஞ்சிருந்தா ஒரு மரியாதை உண்டு. மாவுக்கட்டு போடுவாங்க, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கிட்டு நாலு பேர் பார்க்க வருவாங்க. முறியலைன்னா நீங்க நடிக்கறீங்கன்னு அர்த்தம். எங்க தலைமையாசிரியை கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "எக்ஸ்ரேல ஒண்ணுமில்லைன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதுக்கு டீச்சர் மெடிக்கல் லீவு?"ன்னு கேட்டாங்க. எனக்கு வந்த கோவத்துக்கு அந்தக் கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டிருப்பேன்.

மூணு வாரத்துல வீக்கம் வடிஞ்சுது. நேரா நடந்தா ஒரு குறையும் இல்ல. ஆனா திரும்பினா போச்சு. பஸ் படியில இறங்கி லேசா ஒரு பக்கம் திரும்புவேன், முட்டி உள்ளுக்குள்ளயே கழண்டுக்கிட்டுப் போகும். அப்படியே உக்காந்துடுவேன். எண்ணெய் தேச்சாச்சு, ஒத்தடம் கொடுத்தாச்சு, பத்துப் போட்டாச்சு, முட்டையும் உளுந்தும் குழைச்சுக் கட்டும் போட்டாச்சு. கட்டுப் போட்டவர் அவிழ்த்துப் பார்த்துட்டு, "இப்ப எலும்பு கூடிடுச்சு"ன்னார். முறியாத எலும்பு எப்படிங்க கூடும்? கேட்டேன். அம்மா என் தொடையில கிள்ளி, "வாயை மூடு"ன்னுச்சு.

கடைசியில திருச்சியில ஒரு எலும்பு டாக்டர்கிட்டப் போனோம். அவர் பெரிய கெட்டிக்காரர்னு பேர். என்னைப் படுக்க வெச்சு, முட்டியை மடக்கச் சொல்லி, என் பாதத்து மேலயே உக்காந்துக்கிட்டு, கீழ்க்காலைப் பிடிச்சு முன்னால இழுத்தார். மேசை டிராயர் மாதிரி முன்னால வந்துச்சு. அம்மா, "ஐயையோ"ன்னு கத்திடுச்சு.

அப்புறம் அவர் சொன்னதுதான் நான் கேட்ட முதல் உருப்படியான பேச்சு. "முட்டிக்குள்ள ரெண்டு நார் இருக்கும்மா. பெருக்கல் குறி போட்ட மாதிரி ஒண்ணுக்கொண்ணு குறுக்கப் போகும். அதுல முன்னால இருக்கறதுதான் கீழ்க்கால் எலும்பை முன்பக்கம் நழுவ விடாமப் பிடிச்சு வெச்சிருக்கு. உங்களுக்கு அது அறுந்துடுச்சு. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், நாரைக் காட்டாது." எனக்கு அழுகையே வந்துடுச்சு. வலியில இல்ல. நான் நடிக்கலைன்னு ஒரு மனுஷன் சொல்லிட்டாரே, அதுக்கு.

அறுந்ததை ஒட்ட முடியாது, புதுசா ஒண்ணு வைக்கணும்னார். முட்டிச் சில்லுக்குக் கீழ பட்டையா ஒரு தசைநார் இருக்காம். அதோட நடுவுலேருந்து ஒரு வார் உரிச்சு, ரெண்டு நுனியிலயும் துளித்துளி எலும்போட எடுத்து, கீழ்க்கால் எலும்புல ஒரு ஓட்டை, தொடை எலும்புல ஒரு ஓட்டை போட்டு, நடுவுல அந்த வாரைக் கோத்து ஸ்க்ரூ வெச்சு முடுக்கறதாம். "பழையபடி ஓடலாமா சார்?"னு கேட்டேன். "ஓடலாம்"னார். சரி, அறுங்கன்னுட்டேன்.

பங்குனியில ஆபரேஷன் நடந்துச்சு. தொடையிலேருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டு. நான் மயக்கம் தெளிஞ்சு கண்ணைத் திறந்தப்ப அம்மா பக்கத்துல நின்னுக்கிட்டு முகமெல்லாம் சிரிப்பா இருந்துச்சு. "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதும்மா. நீ உள்ள இருக்கறப்பவே நான் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேண்டிக்கிட்டேன்."

"என்னன்னு?"

"உன் கால் சரியாயிடுச்சுன்னா புரட்டாசி சனிக்கிழமை நீ அங்கப்பிரதட்சணம் பண்ணுவேன்னு."

நல்லாக் கேட்டுக்குங்க. நான் பண்ணுவேன்னு. முட்டியை அறுத்து, துளை போட்டு, ஸ்க்ரூ முடுக்கி வெச்சிருக்கற நான், ஈரப்புடவையோட கல்தரையில உருண்டு கோயிலைச் சுத்தி வருவேன்னு எங்கம்மா பெருமாள்கிட்ட வாக்குக் கொடுத்துட்டு வந்து நிக்குது. மயக்க மருந்து வாடைகூட இன்னும் போகலை எனக்கு. "உன் உடம்பை வெச்சு வேண்டிக்க வேண்டியதுதானே?"ன்னு கத்தினேன். அம்மா ஆச்சரியமாப் பார்த்துச்சு. "ஆபரேஷன் எனக்கா நடந்துச்சு?"ன்னு கேட்டுச்சு.

ஆறு வாரம் மாவுக்கட்டு. கீழ உக்காரக் கூடாது, சேர்லதான் உக்காரணும்னு டாக்டர் சொல்லிட்டார். எங்க வீட்டுல ஏது சேரு? அப்பா வாங்கின மர நாற்காலி ஒண்ணு இருந்துச்சு. கக்கூஸ் போறதுக்கு அதுக்கு நடுவுல ஆசாரியை விட்டு ஓட்டை போட வெச்சாங்க. அந்த நாற்காலியைத் தெருவே வந்து பார்த்துட்டுப் போச்சு. "நல்ல யோசனை"ன்னு ஒருத்தர் பாராட்டினார். மானம் போச்சு.

கட்டைப் பிரிச்சதும் கால் குச்சியாட்டம் இருந்துச்சு. மடக்கிப் பழகணும்னார் டாக்டர். மடக்கினேன். நாற்காலியில உக்கார்ற அளவுக்கு, அதாவது எல் எழுத்து மாதிரி வந்துச்சு, அதுக்கு மேல நகரலை. உள்ளேருந்து யாரோ கையால பிடிச்சு இழுக்கற மாதிரி இருந்துச்சு. டாக்டர்கிட்ட போய்ச் சொன்னேன். "மடக்க மடக்கத்தான் சரியாகும். அழுதாலும் மடக்குங்க. விடாதீங்க"ன்னார்.

நான் வீம்புக்காரி. துண்டைக் கணுக்கால்ல மாட்டி, ரெண்டு கையாலயும் இழுத்து இழுத்து மடக்கினேன். காலையில நூறு தடவை, சாயங்காலம் நூறு தடவை. கண்ணுல தண்ணி கொட்டும், விட மாட்டேன். வைகாசி போச்சு, ஆனி போச்சு. ஆடி மாசத்துல ஒரு நாள் உள்ள ஏதோ விட்டுக் கொடுத்த மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மடங்க ஆரம்பிச்சுது. ஆவணியில ஒரு நாள் சம்மணம் போட்டு உக்காந்து சோறு சாப்பிட்டேன். அம்மா சோத்துக் கரண்டியோட நின்னு, "பெருமாளே"ன்னுச்சு. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. துண்டைப் பிடிச்சு இழுத்தது நானு, பேர் வாங்கினது பெருமாள்ங்கறதுதான் எரிச்சல்.

புரட்டாசி வந்துச்சு. நான் முடியாதுன்னேன். அம்மா சண்டை போடலை. சாப்பிடாம உக்காந்துடுச்சு. ஒரு நாள், ரெண்டு நாள். மூணாம் நாள் காலையில, "நான் ஒண்ணும் சொல்லல, நீ ஸ்கூலுக்குப் போ"ன்னுச்சு, சுவத்தைப் பார்த்துக்கிட்டு. சனிக்கிழமை கல்லங்குறிச்சிக்குப் போனோம். கூட்டம்னா கூட்டம், மூச்சு விட இடமில்ல. தலையில தண்ணி ஊத்திக்கிட்டு, கையைத் தலைக்கு மேல கூப்பி, காலைச் சேர்த்து நீட்டிப் படுத்து, ஒரு சுத்து உருண்டேன். அம்மா என் கால் பக்கமா, கூட்டம் மிதிச்சுடாம ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு, "வழி விடுங்க, ஆபரேஷன் பண்ணின காலு, ஆபரேஷன் பண்ணின காலு"ன்னு கத்திக்கிட்டே கூட வந்துச்சு. முழங்கையில சிராய்ப்பு, தலை கிறுகிறுப்பு. முட்டிக்கு ஒண்ணும் ஆகலை.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி, மைதானத்துல, வரிசையைக் கலைச்ச ஒரு பிள்ளையைத் திட்டறதுக்காகத் திரும்பினேன். ஓடலை, குதிக்கலை. வெறுமனே திரும்பினேன். முட்டி கழண்டுக்கிட்டுப் போச்சு. பழைய அதே கழல்தான். பிள்ளைங்க முன்னாடி நாலு கால்ல விழுந்து கிடந்தேன்.

அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் ஆரம்பிச்சேன். கதவைக்கூடச் சாத்தலை. தெருவுல நாலு பேர் நின்னு கேட்டாங்க, கேக்கட்டும்னே கத்தினேன். "உன் வேண்டுதல்தான் என் காலைத் தின்னுச்சு. நீ எனக்காகவா வேண்டிக்கிட்ட? ஊர்ல பெருமை பேசிக்க வேண்டிக்கிட்ட. டாக்டர் கட்டினதை நீதான் அறுத்த. என் காலை ஒடச்சவ நீதான்." இன்னும் என்னென்னவோ. இப்ப எழுதக் கூசுது. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்துச்சு. "நீ பேசாத. இனிமே என் கால் விஷயத்துல நீ வாயைத் திறக்கக் கூடாது"ன்னேன். அம்மா வாயை மூடிக்கிச்சு.

மறுவாரம் திருச்சி டாக்டர்கிட்டப் போனோம். மறுபடியும் கீழ்க்காலை இழுத்துப் பார்த்தார், டிராயர் மாதிரி வந்துச்சு. அவர் முகம் சுருங்கிப் போச்சு. "என்ன பண்ணினீங்க?"ன்னு கேட்டார். நான் ஒண்ணும் பண்ணலைன்னு சொல்றதுக்குள்ள அம்மா, "கோயில்ல உருண்டா சாமி, நான்தான் உருள வெச்சேன்"னு தானா ஒத்துக்கிச்சு. அவருக்கு வந்துச்சே ஒரு நிம்மதி! "அதான! கோயில்ல உருண்டா எப்படிம்மா நிக்கும்? படிச்ச பொண்ணு, நீங்க எடுத்துச் சொல்ல வேண்டாமா?"ன்னு ஒரு மூச்சு திட்டித் தீர்த்துட்டார். புதுசா எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எடுத்தது கவர்ல இருந்துச்சு, கவரைப் பிரிச்சுக்கூடப் பார்க்கலை. காரணம்தான் கையில கிடைச்சுடுச்சே, பார்ப்பானேன்? நானும் அன்னிக்கு அதை யோசிக்கலை. டாக்டரே சொல்லிட்டார் பார்த்தியான்னு அம்மாவை ஒரு முறை முறைச்சேன்.

அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் நான் வேப்பமரத்தடியில நாற்காலி போட்டு உக்காந்து விசில் ஊதற பி.டி. மிஸ். பெரிய பிள்ளைங்க முன்னால நின்னு செஞ்சு காட்டும், நான் எண்ணிக்கிட்டு இருப்பேன். தலைமையாசிரியை மாடி வராந்தாவுலேருந்து பார்ப்பாங்க. ஒரு நாள் கூப்பிட்டு, "அடுத்த வருஷமும் இப்படியே நாற்காலியிலயே இருந்தீங்கன்னா நான் மேலிடத்துக்கு எழுதித்தான் ஆகணும் டீச்சர்"னு சொன்னாங்க. நியாயம்தான். நியாயமா இருந்ததுதான் எனக்கு ஆத்திரம்.

வீட்டுல அம்மா ஒரு காரியம் பண்ணுச்சு. அதைச் சொன்னாத்தான் நான் எப்பேர்ப்பட்டவன்னு உங்களுக்குப் புரியும். யார் வந்து, "பொண்ணு கால் எப்படி இருக்கு?"ன்னு கேட்டாலும், "என்னாலதான் போச்சு"ன்னு சொல்லும். உறவுக்காரங்ககிட்ட, காய்காரம்மாகிட்ட, தண்ணிக் குழாயடியில, எல்லா இடத்துலயும். அழாம, குரலை உயர்த்தாம, அரிசி தீர்ந்துடுச்சுங்கற மாதிரி சொல்லும். சனிக்கிழமை விடாம கோயிலுக்குப் போற அம்மா, போறதையும் நிறுத்திடுச்சு. நான் உள்ளே இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். "இல்லம்மா, விடு"ன்னு ஒரு வார்த்தை சொல்லலை. முதல்ல கொஞ்ச நாள் அது எனக்கு ஆறுதலாக்கூட இருந்துச்சு. அப்புறம் எரிச்சலா இருந்துச்சு. அப்பவும் சொல்லலை.

மூணாம் வருஷம் பிள்ளைங்களை ஒரு போட்டிக்காக மெட்ராஸுக்கு ரயில்ல கூட்டிக்கிட்டுப் போனேன். ஸ்டேடியம் படியில இறங்கறப்ப முட்டி மறுபடியும் கழண்டுச்சு. அங்க இருந்த ஒரு கோச் அம்மா என்னைக் கைத்தாங்கலாப் பிடிச்சு, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில இருந்த டாக்டர் பேரைச் சொல்லி, "விளையாட்டுப் பிள்ளைங்க முட்டியெல்லாம் அவர்தான் பார்ப்பார். நாளைக்கே போங்க, பழைய எக்ஸ்ரே இருந்தா காட்டுங்க"ன்னாங்க. எக்ஸ்ரே இருந்துச்சு. வெளியூர் போனா அந்தக் கவரையும் பைக்குள்ள வெச்சுக்கற பழக்கம் எனக்கு. போற இடத்துல விழுந்து கிடந்தா எடுத்துக் காட்டணுமே.

அந்த டாக்டர் என்னை மாதிரியே ஒரு சிடுமூஞ்சி. வணக்கம் சொன்னதுக்குக்கூட நிமிரலை. எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சார். பார்த்துக்கிட்டே இருந்தார். "ச்சே"ன்னார். "யாரு ஓட்டை போட்டது?"

"திருச்சியில, சார்."

"ஊரைக் கேக்கலை. இங்க வாங்க. இந்த ஸ்க்ரூ தெரியுதா? தொடை எலும்புல இது எங்க இருக்கு? முன்பக்கம் இருக்கு. எங்க இருக்கணும்? இங்க, நல்லா பின்னால, கிட்டத்தட்டக் கடைசியில."

"கொஞ்சம்தானே சார் தள்ளியிருக்கு?"ன்னு கேட்டுட்டேன். மனுஷனுக்கு எங்கேருந்துதான் அவ்வளவு கோவம் வந்துச்சோ. எழுந்து போய்ச் சுவர் ஓரத்துல இருந்த மர அலமாரியைத் திறந்தார். ஒரு பேண்டேஜ் துணியை எடுத்து, ஒரு நுனியை உள் தட்டுல இருந்த ஆணியில கட்டினார். இன்னொரு நுனியைக் கதவோட கீல்ல கட்டினார். கதவைத் திறந்தார், மூடினார். "துணி இழுக்குதா?"

"இல்ல சார்."

"தொளதொளன்னு ஆகுதா?"

"இல்ல. அப்படியேதான் இருக்கு."

கீல்லேருந்து அவிழ்த்து, கதவுல ஒரு சாண் தள்ளி, கண்ணாடி மாட்டற கொக்கியில கட்டினார். "இப்பத் திறங்க." திறந்தேன். பாதியில துணி விறைச்சுக்கிட்டு நின்னுடுச்சு, கதவு அதுக்கு மேல வரலை. "ஏன் நிறுத்திட்டீங்க? இழுங்க, பலமா." இழுத்தேன். துணி நீண்டுச்சு, கதவு முழுசாத் திறந்துடுச்சு. "இப்ப மூடுங்க." மூடினேன். உள்ளே துணி தொங்கிப் போச்சு.

"அவ்வளவுதான் உங்க முட்டி"ன்னார். "அசல் நார் கீல் பக்கத்துல இருக்கு. காலை நீட்டினாலும் மடக்கினாலும் அது கிட்டத்தட்ட அதே நீளம். இவர் தள்ளிக் கட்டிட்டார். எல் மாதிரி மடக்கினதும் உள்ள பிடிச்சு இழுத்திருக்குமே?"

தலையை ஆட்டினேன்.

"விடாம மடக்கச் சொல்லியிருப்பாங்க. நீங்களும் மடக்கியிருப்பீங்க. ஒரு நாள் நல்லா மடங்கியிருக்கும், எல்லாரும் சந்தோஷப்பட்டிருப்பீங்க. அது குணமாகலைம்மா. நார் நீண்டு போச்சு. அன்னிக்கே முடிஞ்சு போச்சு உங்க ஆபரேஷன்."

ஆடி மாசம். துண்டு. உள்ள விட்டுக் கொடுத்த அந்த நாள்.

"சார், நான் கோயில்ல அங்கப்பிரதட்சணம் பண்ணினேன்."

"எப்ப?"

"புரட்டாசியில."

"உருளறப்ப கால் எப்படி இருந்துச்சு? மடக்கியா, நீட்டியா?"

"நீட்டித்தான்."

"நீட்டியிருந்தா இந்த நாருக்கு வேலையே இல்ல. தொங்கிக்கிட்டு இருந்திருக்கும். நூறு சுத்து உருண்டிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது." எக்ஸ்ரேயைக் கவர்ல போட்டுக் கொடுத்தார். "இன்னொரு தடவை பண்ணலாம். இந்த முறை தொடைக்குப் பின்னால இருக்கற தசைநாரை எடுத்து, சரியான இடத்துல ஓட்டை போடணும். சீக்கிரம் வந்து சேருங்க."

பிள்ளைங்க மறுநாள் போட்டியில தோத்துப் போச்சுங்க. ரயில்ல எல்லாம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வந்துச்சுங்க. நான் ஒரு வார்த்தை திட்டலை. அதுங்களுக்கே பயமாப் போச்சு. கவரை மடியில வெச்சுக்கிட்டு, விழுப்புரம், விருத்தாசலம்னு ஒவ்வொரு ஸ்டேஷனா எண்ணிக்கிட்டு வந்தேன். திருச்சி டாக்டர் மேல வந்த கோவம் பாதி தூரத்துலயே தீர்ந்து போச்சு. அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவு. கவரைப் பிரிக்காம எங்கம்மாவைத் திட்டினாரே, அதை மட்டும் இன்னிக்கும் மன்னிக்கலை. ஆனா அவருக்கு ஒரு வாரம் முன்னாடியே தெருவைக் கூட்டித் திட்டினவ நான்தானே.

சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தேன். அம்மா வாசல் தெளிச்சுட்டு உள்ளே வந்துச்சு. "போட்டி என்னாச்சு?"ன்னு கேட்டுச்சு. நான் பதில் சொல்லாம, பாத்திரம் வைக்கற மர அலமாரியைத் திறந்து ரெண்டு தட்டைக் காலி பண்ணினேன். கயிறு தேடினேன், அவசரத்துக்குக் கிடைக்கலை. கொடியில கிடந்த பழைய பாவாடையிலேருந்து நாடாவை உருவினேன். அம்மாவுக்கு நான் என்ன பண்றேன்னே புரியலை. "இங்க வந்து உக்காரு"ன்னேன். அதட்டலாத்தான் வந்துச்சு, என் தொண்டை அப்படி.

நாடாவைக் கீல்ல கட்டிக் காட்டினேன். தள்ளிக் கட்டிக் காட்டினேன். இதுதான் என் தொடை, இதுதான் கீழ்க்கால், இதுதான் வெச்சுக் கட்டின நாருன்னு சொன்னேன். அம்மா கவனமாப் பார்த்துச்சு. எழுந்து வந்து தன் கையாலயே கதவைத் திறந்து மூடிப் பார்த்துச்சு. நாடா விறைச்சு நின்ன இடத்துல விரலை வெச்சு அழுத்திப் பார்த்துச்சு. "இங்க கட்டியிருக்கணும், இங்க கட்டிட்டாங்க"ன்னு தனக்குத் தானே சொல்லிக்கிச்சு.

"மடக்கறப்பதான் இழுக்கும்மா. நீட்டினா இழுக்காது. நான் உருண்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"தெரியும். உன் கால் நீட்டித்தான் இருந்துச்சு"ன்னுச்சு அம்மா.

"என்னது?"

"நான்தானே கால் மாட்டுலயே வந்தேன். ஒரு எடத்துலகூட மடங்கலை. முட்டி தரையில இடிக்கவும் இல்ல. கோயில்லேருந்து வர்றப்ப நல்லாத்தானே நடந்து வந்த."

எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. "அப்ப அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? ஊர் பூரா என்னாலதான் என்னாலதான்னு எதுக்குச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச?"

அம்மா நாடாவை அவிழ்த்துச் சுருட்டிக்கிட்டே சொல்லுச்சு. "நீ வாயைத் திறக்காதன்னியே. டாக்டரும் அதையே சொல்லிட்டாரு. படிச்சவங்க ரெண்டு பேரும் சொல்றப்ப, எங்கண்ணுதான் சரியாப் பாக்கலை போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

நாடாவை அம்மா கையிலேருந்து வாங்கினேன். "தப்பும்மா. நான் பேசினதெல்லாம் தப்பு"ன்னேன். அம்மா, "சரி, சோறு திங்க வா"ன்னுச்சு. காலி பண்ணின பாத்திரத்தையெல்லாம் ரெண்டு பேருமா எடுத்து அடுக்கினோம். ஒரு டம்ளர் கீழ விழுந்து உருண்டுச்சு.

சாப்பிடறப்ப, "மறுபடியும் அறுப்பாங்களா?"ன்னு அம்மா கேட்டுச்சு. ஆமான்னேன். அம்மா தட்டைப் பார்த்துக்கிட்டே சொல்லுச்சு: "பயப்படாத. இந்த தடவை நான் ஒண்ணும் வேண்டிக்க மாட்டேன்."

ரெண்டு வருஷமா எங்கம்மா சாமிகிட்ட வாய் திறக்காம இருந்திருக்கு. எனக்குன்னு ஒரு வார்த்தை கேக்கறதுக்குப் பயந்துக்கிட்டு இருந்திருக்கு. "வேண்டிக்கம்மா"ன்னேன்.

"நெசமாவா?"

"வேண்டிக்க. ஆனா உன் உடம்பை வெச்சு வேண்டிக்க."

அம்மா சோத்தைப் பிசையறதை நிறுத்திட்டு ஒரு நிமிஷம் யோசிச்சுச்சு. "அப்ப உனக்கு மொட்டை"ன்னுச்சு.

"எனக்கா? இப்ப என்ன சொன்னேன் நான்?"

"ஆபரேஷன் யாருக்கு?"ன்னு கேட்டுட்டு நிம்மதியா மோர் ஊத்திக்கிச்சு.

ஆவணியில மெட்ராஸ்ல ரெண்டாவது ஆபரேஷன் நடந்துச்சு. இந்தத் தடவை எல் எழுத்துகிட்ட வந்தப்ப யாரும் உள்ளேருந்து பிடிச்சு இழுக்கலை. வலிச்சுது, ஆனா வழி விட்டுச்சு. அடுத்த வருஷம் கோடை லீவுல கல்லங்குறிச்சிக்குப் போனோம். மொட்டை போடறவர், "கீழ உக்காருங்கம்மா"ன்னார். சம்மணம் போட்டேன். வலது முட்டி இறங்கி, இடது முட்டி மாதிரியே தரையைத் தொட்டுச்சு. இடுப்பு வரைக்கும் இருந்த என் முடி மடியில விழுந்துக்கிட்டே இருந்துச்சு. அம்மா என் தலையைப் பார்க்கவே இல்ல. தரையைத் தொட்டுக்கிட்டிருந்த முட்டியையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. கண்ணு ரெண்டும் ரொம்பிப் போயிருந்துச்சு.

குளிச்சு, மொட்டைத் தலையில சந்தனம் தடவிக்கிட்டு எழுந்தேன். ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்தா பிள்ளைங்க என்ன பாடு படுத்தப் போகுதுங்களோன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அம்மா மெதுவா என் பக்கத்துல வந்து முழங்கையைத் தொட்டுச்சு.

"வந்தது வந்துட்டோம். ஒரு சுத்து உருண்டுடேன்."

"அம்மா!"

"காலை நீட்டித்தானே உருளப் போற?"ன்னுச்சு.

உருண்டேன்.